ஆக்கர்மேன் வந்தாரா? சாட்ஸ்வர்த் பருப்புக் கடை வழக்கு

டர்பனில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில், "அதோ, ரேமண்ட் ஆக்கர்மேனுக்குக் கை கொடுத்தவர்" என்று யாராவது ஒருவரைக் காட்டினால், அவர் அநேகமாக நானாகத்தான் இருப்பேன். ஆக்கர்மேனை நான் நேரில் பார்த்ததே இல்லை. பார்க்காத மனிதருக்கு எப்படிக் கை கொடுத்தேன் என்பதை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைத்துவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். பேரேட்டில் ஒரு தொகை வந்து உட்கார்ந்தால், அது எந்த வழியாக வந்தது என்று தெரிந்தாக வேண்டும்.

தென்னாப்பிரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக முதலில் ஆளைப் பற்றி. ரேமண்ட் ஆக்கர்மேன் 1931-இல் கேப் டவுனில் பிறந்தவர். அப்பா கஸ் ஆக்கர்மேன் 1916-இல் தொடங்கிய துணிக்கடை 'ஆக்கர்மேன்ஸ்' என்ற பெயரில் இன்றும் ஊர் ஊராக இருக்கிறது. மகன் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் படித்தார். வாங்குகிறவன்தான் சந்தையின் அரசன் என்று சொல்லிக்கொண்டிருந்த பேராசிரியர் ஹட் அங்கே அவருக்குப் பாடம் எடுத்தார். பிறகு செக்கர்ஸ் சூப்பர்மார்க்கெட் கடைகளை நடத்தி எண்பத்தைந்து கடை வரை வளர்த்தார். 1966-இல், முப்பத்தைந்து வயதில், வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். மறு வருடமே கேப் டவுனில் 'பிக் அன் பே' என்ற பெயரில் இருந்த நான்கு கடைகளை வாங்கினார். அந்த நான்கு கடைகள்தான் பின்னால் நாடு முழுக்கப் பரவின. 1975-இல் போக்ஸ்பர்க்கில் முதல் ஹைப்பர்மார்க்கெட். பெட்ரோலைக் குறைந்த விலைக்கு விற்க விடுங்கள் என்று அரசோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார். ஹட் சொன்ன அரசனை இவர் ராணியாக்கினார்: "வாடிக்கையாளர்தான் ராணி" என்பது அவருடைய தாரக மந்திரம். தலைவர் பதவியிலிருந்து விலகியது 2010-இல்.

இந்த வழக்குக்கு வேண்டிய தகவல் இன்னொன்று உண்டு. அவர் கடைகளுக்குள் நடப்பவர். வரிசை வரிசையாக நடந்து, கல்லாவில் இருக்கும் பெண்ணிடம் நின்று பேசி, சாமான் வாங்குகிறவர்களிடம் குறை கேட்பது அவர் வழக்கம் என்பது நாடறிந்த செய்தி. எங்கள் குடும்பத்துக்கு அந்த ஒரு செய்தியே போதுமானதாக இருந்தது.

சம்பவம்

கடை என் மனைவியின் பெரியப்பாவுடையது. எனக்குப் பெரிய மாமா. 1860 நவம்பர் 16 அன்று டுரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்து டர்பனில் ஆட்களை இறக்கியதிலிருந்து தொடங்கும் கதை இங்குள்ள எல்லாத் தமிழ்க் குடும்பத்துக்கும் பொது. கரும்புத் தோட்டம், பிறகு சொந்தக் காய்கறித் தோட்டம், பிறகு இனவாரிக் குடியிருப்புச் சட்டம், அறுபதுகளில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய டர்பன் புறநகரான சாட்ஸ்வர்த். வீட்டில் பேசுவது ஆங்கிலம். சாமி கும்பிடும்போதும் கோபம் வரும்போதும் தமிழ். நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவன் என்பதால் என்னிடம் மட்டும் எல்லாரும் தமிழைத் தேடி எடுத்துப் பேசுவார்கள்.

2003, ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. டர்பன் தமிழர்களுக்குப் புரட்டாசி என்பது தமிழ்நாட்டில் பல வீடுகளில் இருப்பதைவிடக் கண்டிப்பான மாதம். மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது. மற்ற மாதங்களில் டின் மீனும் கோழியும் போகிற வீட்டுக்கெல்லாம் அந்த மாதம் பருப்பும் கீரையும் காட்ரா என்கிற பீன்ஸ் வகையும் மடும்பி என்கிற சேப்பங்கிழங்கும் போகும். அன்று கடையில் கால் வைக்க இடமில்லை. பத்து மணி வாக்கில் கற்பூரம் தீர்ந்துவிட்டது. புரட்டாசிச் சனியில் கற்பூரம் இல்லாத கடை என்றால் மானம் போய்விடும். "மாப்பிள்ளை, சட்டுனு விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட் போயிட்டு வந்துடுங்க" என்று என்னை அனுப்பினார் பெரிய மாமா.

நான் இல்லாத நேரத்தில் அவர் வந்தார். 'அவர்' என்று பொதுவாகச் சொல்கிறேன், யார் என்பதுதானே வழக்கு. எழுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர், மண் நிறத்தில் முன்பக்கம் பொத்தான் வைத்த கம்பளிச் சட்டை. சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமை காலை ஒரு வெள்ளைக்கார முதியவர் பருப்புக் கடைக்குள் நுழைவது அன்றைக்கு அதிசயமில்லை, ஆனால் கண்ணில் படும். எல்லா வரிசையிலும் மெதுவாக நடந்தார். புரட்டாசியில் யாரும் சீண்டாத டின் மீன் தட்டின் முன் நின்று, திரும்பிக் கிடந்த டின்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, படம் முன்னால் தெரியும்படி வைத்தார். பெரிய மாமாவிடம், "பருப்பை ஏன் கடைசியில் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். எலுமிச்சங்காய் ஊறுகாய் ஒரு பாட்டிலும் காட்ரா பீன்ஸ் ஒரு பொட்டலமும் எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தார். கல்லாவில் பெரிய அத்தை. "இங்கே வேலை பிடித்திருக்கிறதா?" என்று அவரிடம் கேட்டார். கடைக்காரரின் மனைவியிடம் கேட்கிற கேள்வியா அது? அத்தை முப்பது வருடமாக யாரும் கேட்காத கேள்வி என்பதால் பதில் தெரியாமல் சிரித்து வைத்தார். அவர் மீதிச் சில்லறையை எண்ணிப் பார்த்து, அதில் ஒரு காசைக் கல்லா ஓரத்தில் இருந்த கோயில் உண்டியலில் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

அவர் கார் கிளம்பிப் போன பிறகு பக்கத்துக் கறிக்கடைக்காரர் உள்ளே ஓடி வந்தார். "இப்போ போனது யார்னு தெரியுமா உங்களுக்கு?"

சாட்சிகள்

கறிக்கடைக்காரர்தான் முதல் சாட்சி, அடையாளம் சொன்ன ஒரே சாட்சியும் அவர்தான். புரட்டாசி மாதத்தில் கறிக்கடைக்காரரைப் போல ஊரைக் கவனிப்பவர் யாருமில்லை. வியாபாரம் கிடையாது, வாசலில் நாற்காலி போட்டு, செய்தித்தாளின் வணிகப் பக்கம் வரை படித்து முடித்திருப்பார். அந்தப் பக்கத்தில் ஆக்கர்மேன் படத்தைப் பார்த்த நினைவு அவருக்கு. படத்தில் சூட்டும் டையும். வந்தவர் கம்பளிச் சட்டையில் இருந்தாரே என்றால், "மாறுவேஷம்" என்றார். மேலும், காரில் ஏறும்போது பெட்ரோல் விலையைப் பற்றி அவர் அலுத்துக்கொண்டாராம். பெட்ரோலுக்காக அரசோடு சண்டை போட்டவர் வேறு யார்? இந்த நாட்டில் பெட்ரோல் விலையை அரசே நிர்ணயித்து மாதாமாதம் முதல் புதன்கிழமை மாற்றுகிறது. அதனால் மாதாமாதம் நாடு மொத்தமும் அலுத்துக்கொள்கிறது. இதைச் சொன்னேன். எடுபடவில்லை.

இரண்டாவது சாட்சி வாசலில் கார்களைப் பார்த்துக்கொள்ளும் காங்கோ இளைஞர். கார் வெள்ளை நிறம், பழசு, ஓட்டி வந்தது அவரேதான், கையில் ஐந்து ராண்ட் நாணயம் கொடுத்தார் என்றார். ஐந்து ராண்டை வைத்து இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். சாதாரண ஆள் இரண்டு ராண்டுக்கு மேல் தரமாட்டான், எனவே பெரிய மனிதர் என்றது ஒரு கட்சி. அவ்வளவு பெரிய மனிதர் வெறும் ஐந்து ராண்ட் தருவாரா என்றது மற்றது. பணக்காரர்கள் எப்படிப் பணக்காரர் ஆனார்கள் என்று யோசி என்று முதல் கட்சி பதில் சொன்னதும் விவாதம் முடிந்தது.

தடயங்களில் கேமராவைத் தள்ளிவிடலாம். கடையின் கேமராவுக்குச் சிவப்பு விளக்கு மட்டும்தான் உண்டு, உள்ளே ஒன்றுமில்லை. திருடர்கள் பார்ப்பதற்காக வைத்தது.

ரசீது இருந்தது. வந்தவர் ரசீதைக் கல்லா மேலேயே விட்டுப் போயிருந்தார். இது வரலாற்று ஆவணம் என்று பெரிய மாமா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தினார். அவர் மகனுக்கு அதுவும் போதவில்லை. நாளடைவில் கிழிந்துவிடும் என்று லேமினேட் செய்யக் கொண்டுபோனான். கல்லா ரசீது அச்சாவது மையில் கிடையாது. அந்தத் தாளில் பூசிய ரசாயனம் சூடு பட்ட இடத்தில் கறுப்பாகும், அதுதான் எழுத்து. லேமினேட் செய்யும் இயந்திரம் தாள் முழுக்கச் சூட்டைக் கொடுத்தது. இந்தப் பக்கம் போன ரசீது அந்தப் பக்கம் அட்டைக் கரியாக வந்தது. கண்ணாடி போலப் பளபளப்பான கன்னங்கரிய சதுரம். பெரிய மாமா அதையும் தூக்கிப் போடவில்லை. இன்றும் கடைக்கு வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் 'எலுமிச்சை' என்பது தெரியும் என்கிறார். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் முகம்தான்.

நான்கு கால் சோதனை

ஆக்கர்மேனின் வியாபாரப் பாடம் ஒன்று இங்கே பிரபலம். ஒரு மேஜை. மேலே பலகையாக வாடிக்கையாளர். கீழே நான்கு கால்கள்: நிர்வாகம், சரக்கு, விளம்பரமும் சமூகப் பொறுப்பும், பணியாளர்கள். ஒரு கால் ஆடினாலும் மேல் பலகை சாயும். அமெரிக்காவில் டேட்டன் நகரத்தில், கல்லா இயந்திரம் செய்துவந்த என்.சி.ஆர். நிறுவனம் நடத்திய வகுப்புகளில் பெர்னார்டோ ட்ரூஹியோ என்பவரிடம் அவர் கற்றுக்கொண்டது இது.

பெரிய மாமா இந்த மேஜையை எங்கேயோ படித்துவிட்டு வந்து, வந்தவரின் செயல்களை ஒவ்வொரு காலாகக் கட்டினார். பருப்பு ஏன் கடைசியில் என்று கேட்டது சரக்கு. டின்னைத் திருப்பி வைத்ததும் சரக்கு. அத்தையிடம் வேலை பிடித்திருக்கிறதா என்றது பணியாளர். உண்டியலில் காசு போட்டது சமூகப் பொறுப்பு. மீதிச் சில்லறையை எண்ணியது நிர்வாகம். நான்கு காலும் சரியாகப் பொருந்திவிட்டன. "வேற யாரா இருக்க முடியும், சொல்லுங்க மாப்பிள்ளை?"

கடைக்கு வந்து, சரக்கைத் தொட்டுப் பார்த்து, கல்லாவில் ஒரு வார்த்தை பேசி, சில்லறை எண்ணி, உண்டியலில் காசு போடும் எவரும் இந்தச் சோதனையில் தேறிவிடுவார்கள். என் மாமியார் வாராவாரம் தேறுகிறார்.

உண்மையில் அந்தப் பருப்புக் கேள்வி வந்தவருக்கு எதிரான சாட்சியம். பருப்பும் ரொட்டியும் பாலும் எல்லாரும் கட்டாயம் வாங்குபவை. அவற்றைக் கடையின் கடைசியில் வைப்பது வேண்டுமென்றே செய்வது. பருப்புக்காக வந்தவர் கடை முழுக்க நடந்து போக வேண்டும். போகும் வழியில் ஊறுகாய் கண்ணில் படும், சோப்பு தீர்ந்தது ஞாபகம் வரும், குழந்தை பிஸ்கட்டைப் பிடித்து இழுக்கும். சூப்பர்மார்க்கெட் தொழிலின் அரிச்சுவடி இது. நாடு முழுக்கக் கடை விரித்தவர் இதைப் போய்க் கேட்பாரா? பருப்பு எங்கே என்று தேடி, கால் வலித்த ஒரு முதியவர்தான் கேட்பார்.

இதை நான் விளக்கிச் சொன்னபோது பெரிய மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தெரியாமலா கேட்டிருப்பாரு? எனக்குத் தெரியுமான்னு சோதிச்சிருக்காரு."

சோதனையில் தேற வேண்டும் என்று அடுத்த வாரமே பருப்பு மூட்டைகள் வாசலுக்கு வந்தன. ஜனங்கள் வந்தார்கள், பருப்பை எடுத்தார்கள், காசு கொடுத்தார்கள், போனார்கள். உள்வரிசைகளில் ஆள் நடமாட்டமே இல்லை. அந்த மாதத்துக் கணக்கைப் பார்த்தால் பருப்பு விற்பனை அப்படியே இருந்தது, ஊறுகாயும் சோப்பும் படுத்துவிட்டன. தீபாவளிக்கு முன்னால் மூட்டைகள் சத்தமில்லாமல் பழைய இடத்துக்குத் திரும்பின. 'வாடிக்கையாளரே ராணி' என்று எழுதித் தொங்கவிட்ட பலகை மட்டும் தங்கிவிட்டது. அதற்கு நேர் கீழே, இன்றும், 'கடன் கேட்காதீர்கள்'.

தூரம் குறைந்த விதம்

இதுவரை பார்த்ததில் நான் எங்குமே இல்லை. கற்பூரத்தோடு நான் திரும்பியபோது எல்லாம் முடிந்து கறிக்கடைக்காரர் இரண்டாம் முறை கதை சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தா பார்த்திருக்கலாம்" என்றார் பெரிய மாமா. அன்றைய நிலவரப்படி எனக்கும் ஆக்கர்மேனுக்கும் இடைவெளி ஒரு மணி நேரம்.

தீபாவளியன்று உறவுக்காரர்களிடம் சொல்லும்போது அது பத்து நிமிடமாக இருந்தது. தைப்பூசக் காவடியின்போது, நான் கடைக்குள் வண்டியைத் திருப்பவும் அவர் வெளியே வரவும் சரியாக இருந்தது. அந்த வருடக் கடைசியில் ஒரு கல்யாணத்தில், அவர் கண்ணாடியை இறக்கி எனக்கு வழி விட்டார். பிறகொரு கல்யாணத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினார், கை கொடுத்தார். நான் மறுத்துப் பார்த்தேன். தன்னடக்கம் என்றார்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்களே இப்படித்தான் என்று ஒரு அம்மாள் தன் மகனுக்கு என்னை உதாரணம் காட்டினார்.

எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்றுதான். வந்தவர் ஆக்கர்மேன் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவரோடு பேசியவர் பெரிய மாமா. அவர் கையில் சில்லறை கொடுத்தவர் பெரிய அத்தை. சந்தித்த பெருமை முழுக்க அவர்கள் இருவருடையது. கடையிலேயே இல்லாத என் தலையில் அதை ஏன் கட்ட வேண்டும்?

விடை கிடைத்தது ஒரு சாவு வீட்டில், அத்தை என் மனைவியிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தபோது. "வந்த மனுஷனுக்கு ஒரு டீ கூடக் குடுக்கலையேடி." அதுதான் முள். வாசலுக்கு வந்தது பெரிய மனிதர் என்றால், வந்தவரை உட்கார வைத்து ஒரு வாய் டீ கொடுக்காமல், சில்லறையை எண்ணிக் கொடுத்து அனுப்பிய வீடு என்று ஆகிவிடுகிறது. வந்தவர் ஆக்கர்மேன் என்கிற பெருமை வேண்டும், டீ கொடுக்காத பழி வேண்டாம். அப்படியானால் குடும்பத்தில் யாராவது ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டு மரியாதை செய்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கடையில் இருந்த யாருக்கும் அதைப் பொருத்த முடியாது, அவர்கள் செய்தது எல்லாருக்கும் தெரியும். வெளியே இருந்தவன் நான் ஒருவன்தான். பற்று வரவு சேராதபோது இடம் தெரியாத தொகையைத் தற்காலிகமாகப் போட்டு வைக்க எங்கள் தொழிலில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. குடும்பத்தின் சஸ்பென்ஸ் கணக்கு நான்.

அதற்குப் பிறகு அந்தக் கதையைக் கூர்ந்து கேட்டேன். ஆம், இருந்தது. கை கொடுத்த பதிப்பில், கை கொடுத்த கையோடு நான் அவரிடம், "உள்ளே வாங்க, ஒரு டீ சாப்பிட்டுப் போகலாம்" என்று சொல்கிறேன். அவர் கடிகாரத்தைப் பார்த்து, விமானத்துக்கு நேரமாகிவிட்டது, இன்னொரு முறை கட்டாயம் வருகிறேன் என்கிறார். கணக்கு நேராகிவிட்டது. அதன்பின் நான் மறுப்பதை நிறுத்திக்கொண்டேன்.

2023

2023 செப்டம்பர் 6 அன்று, தொண்ணூற்றிரண்டு வயதில் ஆக்கர்மேன் காலமானார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதல் இரங்கல் ஆஸ்திரேலியாவில் இருக்கும் மைத்துனன் போட்டது: "நம் கடைக்கு வந்த மாமனிதர்." அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். அதன் கீழே என் பெயரைக் குறித்து, உங்களுக்கு எப்படி இருக்கும் என்று புரிகிறது, தைரியமாக இருங்கள் என்று நான்கைந்து ஆறுதல்கள். அலுவலகத்தில் ஒருவர் விடுப்பு வேண்டுமா என்று கேட்டார்.

அந்த வாரக் கடைசியில் கடைக்குப் போயிருந்தேன். பெரிய மாமாவுக்கு இப்போது கால் முடியவில்லை. கல்லாவில் மகன் இருக்க, இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு, கரிய சதுரத்தை மடியில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பருப்புப் பக்கத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார் எங்கள் கோகோ. கோகோ என்றால் ஜூலுவில் பாட்டி. ஜூலு அம்மாள், நான் டர்பனுக்கு வருவதற்கு முன்பிருந்தே கடையில் இருப்பவர். அன்றும் இருந்தவர். இத்தனை ஆண்டு விசாரணையில் அவரை மட்டும் யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கறிக்கடைக்காரரைக் கேட்டோம், கார் பார்க்கிறவரைக் கேட்டோம், ஆறடி தூரத்தில் நின்றவரைக் கேட்கவில்லை.

கேட்டேன். அந்த ஊறுகாய்த் தாத்தாவா என்றார் கோகோ, கையை நிறுத்தாமல். நன்றாகத் தெரியும். மாதக் கடைசியில் வருவார். அவர் மனைவிக்கு நம் எலுமிச்சங்காய் ஊறுகாய் என்றால் உயிராம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் நேராக அடுக்கி வைப்பார், எல்லாரிடமும் வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்பார். அதற்கப்புறமும் ஒரு வருடம் போல வந்துகொண்டிருந்தார், பிறகு நின்றுவிட்டார்.

கடை அமைதியாகிவிட்டது. எல்லாரும் பெரிய மாமாவைப் பார்த்தோம். அவர் கரிய சதுரத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். நல்லவேளை, கோபப்படவில்லை. முகம் மெல்ல மலர்ந்தது.

"மாசாமாசம் வந்தாரா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மாசக் கடைசியில கணக்கு முடிக்க நீங்கதானே கடையில இருப்பீங்க. அப்போ மாசாமாசம் அவரைப் பார்த்திருக்கீங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே, மாப்பிள்ளை?"

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "டீயாவது குடுத்தீங்களா?"